சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்த கயிறு

பாரம் சரிந்தால் கை நீட்டாதே. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. லாரிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், சிற்பக் கூடத்து ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் கிரைண்டரை நகர்த்திய என் மனைவிக்குச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சொன்ன வாய்தான் இது. அந்த ஒரு நாள் மட்டும் இந்த வாய் எங்கே போய்த் தொலைந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் நடந்த ஒரு பெரிய கட்டட வேலையில் நான் கலாசியாக இருந்தேன். கிரேன் நுழைய முடியாத இடத்தில் கயிறு, கப்பி, கடப்பாரை, உருட்டுக் குழாய் இவற்றை வைத்துக்கொண்டு டன் கணக்கான இயந்திரத்தை நகர்த்துகிற ஆளைத்தான் கலாசி என்பார்கள். அங்கே ஒரு நாள் லாரியிலிருந்து இறக்கிய மோட்டார் ஒன்று சாய்பலகையில் வழுக்கியது. கால் மணி நேரத்துக்கு முன் என்னோடு டீ குடித்த ஆள், உருண்டு வரும் பந்தை நிறுத்துகிற மாதிரி காலை நீட்டினான். அவன் முட்டாள் இல்லை. எங்கள் கூட்டத்திலேயே கெட்டிக்காரன் அவன்தான். கால் அவனைக் கேட்காமல் போய்விட்டது. அவனுடைய செருப்பு மட்டும் பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து நான் கயிற்றுப் பைத்தியம். ஒரு கட்டுக்கு இரண்டு கட்டு, அதற்கு மேல் ஒரு முடிச்சு. கேலி செய்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொஞ்ச நாளில் எனக்குப் பெயரே "கயிறு அண்ணாத்த" என்று ஆகிவிட்டது.

அந்த வேலை முடிந்து ஒப்பந்தக்காரர் கொட்டகையைப் பிரித்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். என் மனைவியின் அண்ணன் செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, அதைவிடப் பெரிய பக்தி. வெள்ளிக்கிழமை ஆனால் வெல்டிங் மிஷினுக்குக் கற்பூரம் காட்டாமல் கம்பியைத் தொட மாட்டார். ஆனால் அந்த வலது கை இருக்கிறதே, அது வேறு ரகம். அந்தக் கை ஓட்டின வெல்டிங் தையலை அரத்தால் ராவி மழுப்ப வேண்டிய வேலையே இருக்காது. மற்றப் பட்டறைக்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

மச்சானும் நானும் சேர்ந்து ஒரு பழைய வேனை எடுத்தோம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வண்டி. உள்ளே பன்னிரண்டு சீட்டு, ஜன்னலில் அழுக்குத் திரை, கடைசி சீட்டுக்கு அடியில் யாரோ மறந்துவிட்டுப் போன சீப்பும் டிபன் பாக்ஸ் மூடியும். இதைக் கல் ஏற்றும் வண்டியாக மாற்ற வேண்டும் என்பது எங்கள் யோசனை. கடற்கரைச் சாலையைப் புதிதாக அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம் அது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து கல் விளக்கு, கல் தொட்டி, யானை, நந்தி என்று ஏற்றிக்கொண்டு போக ஆள் தேவைப்பட்டது. லாரி என்றால் பெரிசு, சந்துக்குள் போகாது. மாட்டு வண்டிக்காரர்கள் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள்.

சீட்டுகளைக் கழற்றினோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கூரையை மச்சான் கேஸ் கட்டரால் அறுத்து எடுத்தார். அடியில் குறுக்கே கனமான இரும்பு ஆங்கிள் போட்டு, மேலே வரித் தகடு விரித்தோம். பக்கங்களில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கீல் வைத்த கதவுகள். கதவின் மேல் விளிம்புக்கு ஆங்கிளை வைத்துச் சுற்றி வர ஒரே தையலாக ஓட்டினார். பின் அச்சுக்கு மெக்கானிக் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பட்டைய கூட்டினா பாரம் தாங்கும் நைனா. பிரேக்குக்கு யாரு சொல்றது? பாத்து ஓட்டு" என்றான். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, ஆள் வண்டியைச் சரக்கு வண்டி என்று மாற்றி எழுதி வாங்கினோம்.

சண்டை கொக்கியில் வந்தது. தளத்தில் பக்கத்துக்கு நான்காக எட்டுக் கொக்கி வேண்டும் என்றேன்.

"இன்னா மச்சான், மாடு கட்டப் போறியா?" என்றார்.

"கல்லு மாட்டவிட மோசம். மாடு வுழுந்தா தானா எழுந்திரிக்கும்."

"கதவு கீதே. அது தாங்காதா?"

"கதவு ஒன்றரை அடி. செலை நாலடி. கதவு தடுக்கி வெளிய வுழறதுக்கு நல்லா வசதி பண்ணி வெச்சிருக்க."

சிரித்துக்கொண்டே எட்டுக் கொக்கியையும் வைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் நான் சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன். "என் தையல சந்தேகப்படற ஒரே ஆளு நீதான்யா" என்றார். உண்மையில் ஒன்றுகூட அசையவில்லை.

இரண்டு வருடம் ஓட்டினோம். ஒரு கல் உருண்டதில்லை. சாய்பலகையில் குழாய் வைத்து மெதுவாக ஏற்றுவோம். மேட்டுப் பக்கம் மட்டும்தான் ஆள் நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நாய்கூட நிற்கக் கூடாது. சிலை எதுவானாலும் வைக்கோல் மெத்தையில் மல்லாத்திப் படுக்க வைத்து, கயிறு படும் இடத்தில் சாக்கை மடித்து வைத்து, எட்டுக் கொக்கியிலும் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன்.

அப்போதுதான் அந்த அம்மன் வந்தாள். கடப்பாக்கத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை, ஏன் என்று கடைசியில் தெரியும். அந்த ஊர்க் கோயிலில் சுதையில் இருந்த அம்மன் உப்புக் காற்றில் உதிர்ந்துவிட்டதால், கருங்கல்லில் உட்கார்ந்த கோலத்தில் நான்கடி அம்மன் செய்யச் சொல்லியிருந்தார்கள். பீடத்தோடு முக்கால் டன்னுக்குக் குறையாது. கண் இன்னும் திறக்கவில்லை, அதைக் கோயிலில் வைத்த பிறகு சிற்பி வந்து திறப்பார். காலையில் பூசணிக்காய் உடைத்து, அம்மனைப் படுக்க வைத்துக் கட்டி, நான் ஓட்ட, மச்சான் பக்கத்தில் உட்கார, கிளம்பினோம். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது மச்சான் பின் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மூஞ்சில வெயிலு அடிக்குது மச்சான். ஒரு துண்டு போட்டிருக்கலாம்" என்றார்.

கல்லுக்கு வெயில் அடிக்கிறதாம். நான் சிரித்தேன்.

குப்பத்துக்குத் திரும்பும் முனையில், சவுக்குத் தோப்பை ஒட்டி, ஊரே நின்றுகொண்டிருந்தது. பம்பை அடிக்கிறார்கள், தாம்பாளத்தில் பட்டுப்புடவை, மாலை, மஞ்சள் தண்ணீர்க் குடம். முன்னால் ஒரு அம்மா நின்றார். ஐம்பது வயது இருக்கும். மீன் வியாபாரம் செய்கிறவர். வீடு வீடாக ஏறி இறங்கி இந்தச் சிலைக்கு ஊரைத் திரட்டியதே அவர்தான் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். வண்டியின் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். முகம் அப்படியே மாறிவிட்டது.

"இன்னாத்துக்கு அம்மாவ பொணம் மாரி படுக்க வெச்சி இட்டாந்துகீற?" என்றார்.

பம்பை நின்றுவிட்டது. நான் இறங்கிப் போய்ப் பொறுமையாகத்தான் சொன்னேன். படுத்திருந்தால்தான் பாரம் நிலையாக இருக்கும், கோயில் வாசலில் இறக்கி நிமிர்த்திக் கொடுக்கிறேன் என்றேன்.

"ஊருக்குள்ள மொத மொத வர்றா. படுத்துகினா வருவா? உக்காந்து, ஊர பாத்துகினு வரணும். இல்லனா அந்த வண்டி இங்கியே நிக்கட்டும்."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. "முக்கா டன்னு கல்லும்மா. சாஞ்சா யாரு புடிக்கிறது?" என்றேன்.

கட்டுமஸ்தான ஒரு ஆள் சிரித்தான். "எங்களுக்கு பாரம் புதுசா அண்ணாத்த? படக கரைல ஏத்தறது யாரு? நாப்பது கை கீது." அவன் சொன்னது பொய்யில்லை. படகையும் கட்டுமரத்தையும் தினம் தோளும் கையுமாகத் தூக்குகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பாரம் சாய்ந்தால் கையால் தாங்கலாம். கை பட்டால் நின்றுவிடும். அதே கணக்கைக் கல்லுக்கும் போட்டார்கள்.

மச்சான் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "வுடு மச்சான். அவங்க சொல்றது ஞாயம்தான். சாமிய பொணமாட்டம் எட்த்துகினு போறது எனக்கே ஒரு மாரியா கீது. ரெண்டு தெருவு. நடந்து போற மாரி ஓட்டு."

இங்கேதான் நான் விழுந்தேன். வைக்கோல் மெத்தையின் மேலேயே, இருபது பேர் சேர்ந்து, கம்பி கொடுத்து நெம்பி, கயிறு போட்டு இழுத்து, அம்மனை நிமிர்த்தி உட்கார வைத்தோம். அடியில் வைக்கோல் வேண்டாம், மரக்கட்டை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நேரமாகிறது, நேரமாகிறது என்று நச்சரித்தார்கள். சரி, கட்டை இல்லாவிட்டாலும் எட்டுக் கொக்கி இருக்கிறது என்று முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு கயிற்றை மார்புக்குக் குறுக்கே போட்டு இறுக்கிக் கட்டினேன்.

அந்த அம்மா புடவையோடு வண்டியில் ஏறினார். புடவையைச் சுற்றிப் பார்க்கிறார், கயிறு குறுக்கே நிற்கிறது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவ இன்னா திருடியா? கட்டி இட்டாந்துகீற?"

ஊரே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. மச்சான் தாவி ஏறினார். "நான் புடிச்சிகினு வரேன், நீ ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே முன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். இன்னும் ஒரு கயிறு இருக்கிறதே என்று நான் நின்றேன். அந்த அம்மா அந்த இரண்டாவது கயிற்றைக் காட்டி, "இத்த?" என்றார். பத்து வருடமாக ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன கயிறு அண்ணாத்த ஒரு வார்த்தை பேசவில்லை. கை தானாகப் போயிற்று. முடிச்சை அவிழ்த்தேன். நன்றாகச் சுருட்டி, கொண்டு போய் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான்.

அம்மன் பட்டுப்புடவையில் ஊரைப் பார்த்து உட்கார்ந்தாள். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மச்சான் அவளுக்கு இடது பக்கம், சிலைக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில் நின்று, வலது கையால் சிலையின் தலைக்குப் பின்னால் செதுக்கியிருந்த வளைவைப் பிடித்துக்கொண்டார். பள்ளத்துப் பக்கம் நாய்கூட நிற்கக் கூடாது என்று சொன்னேனே, பாரம் சாய்ந்தால் அவர் நின்ற இடம்தான் பள்ளம். நான் முதல் கியரில் நகர்த்தினேன். தார் ரோடு முடிந்து மணல் தெரு தொடங்கியது. இரண்டு பக்கமும் ஜனங்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். முதல் தெரு தாண்டியது. இரண்டாவது தெருவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம் ஒன்று இருந்திருக்கிறது. மேலே மணல் மூடி, பார்த்தால் தரை மாதிரிதான் இருந்தது. இடது பின் சக்கரம் அதில் இறங்கியது.

வண்டி பெரிதாகக் கவிழவில்லை. ஒரு சாண் சாய்ந்திருக்கும். ஆனால் பின் கண்ணாடியில் சிவப்புப் புடவை மெல்ல நகர்வதைப் பார்த்தேன். வைக்கோல் ஒரு பக்கமாக அமுங்கிப் போய், அம்மன் யாரோ கூப்பிட்டதுபோல இடது பக்கம் தலை சாய்த்தாள். நான் கத்தினேன். "வுட்டுடு மச்சான், குதி, வுட்டுடு." அவ்வளவு சத்தமாக என் வாழ்நாளில் நான் கத்தியதில்லை. யாரும் விடவில்லை. தெருவில் நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடி வந்தார்கள். ஆண், பெண், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள்கூட இன்னொரு கையை நீட்டினாள். அந்தக் கைகளைத்தான் நான் இன்றும் பார்க்கிறேன்.

இறங்கி ஓடினேன். அதற்குள் முடிந்துவிட்டது. அம்மன் கதவின் மேல் விளிம்பில் ஒரு நொடி தங்கி, பிறகு வெளியே உருண்டு மணலில் விழுந்திருந்தாள். ஒருவனுக்குத் தோள் பிசகியது, ஒரு பெண்ணின் வளையல் உடைந்து கையெல்லாம் ரத்தம். உயிருக்கு ஒன்றும் இல்லை. மச்சான் வண்டித் தளத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் வலியே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுக்கும், அவரே ஒரே தையலாக ஓட்டின கதவு ஆங்கிளுக்கும் நடுவில் அந்தக் கை மாட்டியிருக்கிறது.

"மச்சான், வெரல காணோம்" என்றார், செருப்பைக் காணோம் என்று சொல்கிற குரலில்.

யாரோ தாம்பாளத்திலிருந்து புதுத் துண்டை எடுத்துச் சுற்றினார்கள். தூக்கி இறக்கும்போதுதான் நான் அம்மனைப் பார்த்தேன். முகம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தாள். மூக்கு நுனி, விரல் நகம், கிரீடத்துப் பூ, எதிலும் ஒரு பொட்டு சேதம் இல்லை. சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பொதபொத என்று கடல் மணல். எனக்குத் தலையில் இடி விழுந்தது. எவனும் கை வைத்திருக்க வேண்டாம். அப்படியே விட்டிருந்தால் அவள் பாட்டுக்கு அந்த மணலில் போய்ப் படுத்திருப்பாள், கடப்பாரையும் பலகையும் வைத்து அரை மணியில் நிமிர்த்தியிருப்பேன். அந்த மணலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன், யாரோ முதுகில் அறைந்து வண்டியை எடுக்கச் சொன்னார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை முழுதாகவும் ஒன்றைப் பாதியாகவும் எடுத்தார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் தப்பின. மறுநாள் என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, அழாமல், எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கயித்த யாரு அவுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொல்லிவிட்டார். "நான்தாம்மா. ரெண்டையும் நான்தான் அவுத்தேன். அவன் வேணாம் வேணாம்னுதான் சொன்னான்."

நான் பேசாமல் நின்றேன். அவமானம்தான், மறைக்க என்ன இருக்கிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அதான பாத்தேன். நீ அவுத்திருக்க மாட்டியே" என்றாள். அந்த வார்த்தை என்னைச் செருப்பால் அடித்தது. அடுத்த நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மீன் வியாபாரம் செய்கிற அந்த அம்மா பஸ் பிடித்து வந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என் வாயி, என் வாயிதான் எல்லாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. திருடியா என்று கேட்டாயே, இப்போது பார் என்று சொல்ல நாக்கு துடித்தது. மச்சான் இடது கையை நீட்டி அவர் தலையில் வைத்தார். "அம்மா ஒடையாம வந்து சேந்தாளா? அது போதும். எழுந்திருங்க" என்றார்.

அப்படித்தான் அந்தக் கதை உருவாயிற்று. கீழே விழ இருந்த அம்மனை ஒருவன் கையால் தாங்கினான், அதனால்தான் அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று அந்தக் கடற்கரை முழுக்கப் பேசினார்கள். கும்பாபிஷேகத்துக்கு மச்சானை மாலை போட்டு அழைத்துப் போனார்கள். ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது முதல் சொம்பு அவருக்குத்தான். பெண்கள் வரிசையாக வந்து அந்த மூளிக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். முதல் வருடம் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மணலை நீங்கள் யாரும் பார்க்கவில்லையா என்று அந்தத் தெருவிலேயே நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு சொம்புக் கூழை மடக் மடக் என்று குடித்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மச்சானால் அதற்குப் பிறகு பழைய மாதிரி தையல் ஓட்ட முடியவில்லை. இடது கையில் பழகினார். வந்தது, ஆனால் ராவி மழுப்ப வேண்டியிருந்தது. பட்டறையில் அவர் ராவுகிற சத்தம் கேட்டால் நான் வெளியே போய்விடுவேன்.

மூன்று வருடம் கழித்து அதே ஊரில் அம்மனுக்கு முன்னால் வைக்கக் கல் சிங்கம் ஒன்று செய்தார்கள். எங்கள் வண்டிதான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவே விருப்பமில்லை. மச்சான்தான் கிளப்பினார். சவுக்குத் தோப்பு முனையில் அதே கூட்டம், அதே பம்பை. அந்த அம்மா தாம்பாளத்தோடு வந்தார். தாம்பாளத்தில் புடவைக்குப் பதிலாக, படகு கட்டுகிற பச்சை நைலான் கயிறு, புதுசு, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, சுருட்டி வைத்திருந்தது.

"உன் கட்டு மேல இதையும் கட்டுப்பா. அப்பறமா மாலை போடறோம்" என்றார் என்னிடம்.

வாங்கிக் கட்டினேன். முடிச்சை அவர்கள் ஆட்களே போட்டார்கள், என் முடிச்சைவிட நல்ல முடிச்சு. சிங்கம் படுத்தபடியே ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. கோயில் வாசலில் இறக்கி முடித்த பிறகு, மச்சானும் நானும் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே அந்தக் குழாய்ப் பள்ளம் இருந்த இடம் தெரிந்தது. இதற்கு மேல் என்னால் முடியாது என்று தோன்றிவிட்டது.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லாத" என்றார்.

"இன்னான்னு தெரியாமலே..."

"மணல பத்திதான?"

எனக்கு மோர் புரையேறியது. அவர் நிதானமாகச் சொம்பைக் கீழே வைத்தார்.

"வண்டில உக்காந்துகினே பாத்தேன் மச்சான். மெத்தைல படுத்தாப்ல படுத்துகினு இருந்தா. கை வெக்காம வுட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு உனக்கு மின்னாலயே எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன்யா மூணு வருஷமா இவங்க சொல்றத..."

"வெளிய சொல்லிட்டா இது சும்மா போன கையாயிடும், மச்சான்."

மடியில் இருந்த கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் யாரோ கைக்குழந்தையைக் கொண்டு வந்து நீட்டினார்கள். அவர் அந்தக் கையைத் தூக்கி, கட்டை விரலும் சுண்டு விரலும் இரண்டு பக்கமும் படும்படி, குழந்தையின் தலையில் வைத்தார்.

ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் நான் எழுதாததற்குக் காரணம் இதுதான். அவர் கையைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆனால் கயிறு அவருடையது இல்லை. இரண்டாவது கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தவன் நான். இதை எழுதி முடித்ததும் சமையலறைக்குப் போய், என் மனைவியிடம் அந்தப் பகுதியை மட்டும் முதலில் படித்துக் காட்டப் போகிறேன்.